தெருவுக்குப் போட்ட உப்பு

பிப்ரவரி 4

இல்லை, அம்மாவுக்காக மட்டும் இல்லை. அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இன்று மேலாளர் அறைக்குள் போய்க் கேட்டபோதே, "அந்தப் பொண்ணு செஞ்சு குடுத்துச்சு" என்று தெருவில் பேசிக்கொள்வது என் காதில் விழ ஆரம்பித்துவிட்டது.

கேட்டது ஒரு டேங்கர் கரைசல். எங்கள் தொழிற்சாலையில் கால்சியம் குளோரைடு செய்கிறோம். சுண்ணாம்புக்கல்லை அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, வெள்ளைச் செதில்களாக மூட்டை கட்டுகிறோம். ஐஸ் தொழிற்சாலைகள் வாங்குகின்றன. கான்கிரீட் சீக்கிரம் இறுக வேண்டும் என்பவர்கள் வாங்குகிறார்கள். செறிவு குறைந்து வரும் கரைசலை மட்டும் யாரும் வாங்குவதில்லை. ஆய்வகத்தில் அதற்குத் தகுதியில்லை என்று சீட்டு ஒட்டுவது என் வேலை. அதில் ஒரு டேங்கரை எங்கள் மண்தெருவில் தெளித்தால் புழுதி அடங்கும்.

பெரிய சாலையில் பாலம் வேலை. ஜல்லி லாரிகள் எல்லாம் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகின்றன. சன்னல்களில் ஈரத்துணி தொங்கவிட்டிருக்கிறோம். மாலைக்குள் அது மண் நிறம். அம்மாவுக்கு ஆஸ்துமா. தையல் மெஷினில் ஒரு கை, மூச்சு மருந்தின் மேல் ஒரு கை.

மேலாளர் சொன்னார்: "கம்பெனிக்கு நல்ல பேர் வரும்னா எடுத்துட்டுப் போ."

அவருக்கும் பேர். எனக்கும் பேர்.

பிப்ரவரி 9

தெளித்தாயிற்று.

டேங்கர் ஓட்டுநர் ஊர்ந்துகொண்டே வந்தார். பின்னால் குழாயின் துளைகளிலிருந்து கரைசல் சீப்புப் பற்களாக விழுந்தது. மண் கறுத்தது. எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுத் தாத்தா குனிந்து விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கசக்குதே. எறும்புக்குக் கூட ஆகாது போல."

தெருவின் கடைசியில், பள்ளமான வளைவில், செடிக்கார அக்காவின் தோட்டம். ரோஜாப் பதியனும் எலுமிச்சை ஒட்டுக்கன்றும் பைகளில் வளர்த்து விற்கிறாள். அக்கா வேலிக்கு உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஏம்மா, உப்புங்கிறாங்களே. செடிக்கு ஆகுமா?"

"சாப்பாட்டு உப்பு இல்லக்கா. இது கால்சியம். மண்ணுக்கு நல்லதுதான்."

"நீ சொன்னா சரி."

தெருவெல்லாம் தெளித்த பிறகும் மிச்சம் இருந்தது. "மிச்சத்த டேங்கர்லயே வெச்சிருக்கக் கூடாதும்மா, உள்ள நின்னா வால்வை அரிச்சிடும். எங்க விடட்டும்?" என்றார் ஓட்டுநர். வளைவில்தான் லாரிகள் அதிகம் புழுதி கிளப்பும். அங்கேயே விடச் சொன்னேன்.

கை நீட்டிக் காட்டினேன். ஒரு அதிகாரி மாதிரி.

பிப்ரவரி 12

காலையில் தெரு நனைந்திருந்தது. மழை இல்லை. இந்த உப்பின் குணம் அது: காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் ஒரு செதிலைக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது தான் இழுத்த நீரிலேயே அது கரைந்து கிடக்கும். தெருவிலும் அதேதான். இரவெல்லாம் குடித்திருக்கிறது. பகல் வெயில் அதை முழுதாகப் பறிக்க முடியவில்லை.

அம்மா நடுவில் எழுந்திருக்காமல் தூங்கினாள். எழுந்ததும், "என்னடி, செத்துட்டனோன்னு பாத்தேன். மூச்சு சத்தமே கேக்கல" என்றாள்.

சன்னல் துணிகளை எடுத்துத் துவைத்தாள். ஒரு வெள்ளைச் சட்டைக்குத் துணி வாங்கி வைத்திருந்தாள், தைக்கப் பயந்து. இன்று வெட்டினாள்.

பிப்ரவரி 20

தெருவில் எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. உப்புக்காரி. கடைக்காரர் மிச்சச் சில்லறையைக் கொடுக்கும்போது சொல்கிறார்: "உப்புக்காரிக்கு உப்பு விக்கிறது இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான்."

பிடித்திருக்கிறது. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 1

இரண்டாவது தடவை. தெருவே கேட்டது. மிச்சம் மறுபடி வளைவில்.

மார்ச் 7

இரண்டு நாளாக மழை. அம்மா கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்து பார்த்தாள். தெருத் தண்ணீர் முழுவதும் சாக்கடை ஓரமாக ஓடி வளைவுப் பள்ளத்தில் இறங்கியது. பழுப்பாக, வேகமாக.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. ஒன்றுமே தோன்றாமல் இருந்ததா?

மார்ச் 17

அக்கா ஓர் இலையோடு வந்தாள். ரோஜா இலை. ஓரம் மட்டும் கருகி, நடுவில் பச்சை. தீயில் காட்டி எடுத்தது போல.

"படிச்ச பொண்ணு, என்னன்னு பாத்துச் சொல்லும்மா. நிறைய பையில இப்படி இருக்கு. எலுமிச்சை இலையக் கொட்டுது."

பார்த்ததும் தெரிந்துவிட்டது.

வெயில் என்று சொன்னேன்.

மார்ச் 18

எப்படித் தெரியாமல் போனது என்று யோசிக்கிறேன். தெரியாமல் போகவில்லை. சாப்பாட்டு உப்பில் இருக்கிற சோடியம் மண்ணை இறுக்கிவிடும், கால்சியம் இளக்கும். கல்லூரியில் இதற்குப் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அக்கா கேட்டதும் அந்தப் பதில்தான் வாயில் வந்தது. ஆனால் கால்சியம் தனியாக வரவில்லையே. அதன் கூடவே இரண்டு மடங்கு குளோரைடு வருகிறது. அதைத் தண்ணீரோடு வேர் குடிக்கும்; இலை ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்; அங்கேதான் கருகும்.

பேரில் பாதியை மட்டும் சொன்னேன். கேட்டவளுக்கு மீதிப் பாதி தெரியாது.

எழுத்தில் எவ்வளவு அழகாக விளக்குகிறேன்.

மார்ச் 19

அக்காவின் கிணறு ஆழமில்லாதது, வேலியோரம். குடிக்க எடுப்பதில்லை, செடிக்கு மட்டும். "தண்ணி நல்லா தெளிவா இருக்கேக்கா, கம்பெனில ஒரு சோதனைக்கு வேணும்" என்று பொய் சொல்லி ஒரு பாட்டில் கேட்டேன். அக்கா பாட்டிலைக் கழுவி, துடைத்து, நிரப்பிக் கொடுத்தாள்.

ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செய்தேன். தெருக்குழாய் நீரில், குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் காட்டும் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டதும் லேசாகப் பால் கலங்கியது போல ஆனது. அது சாதாரணம். கிணற்று நீரில் ஒரே சொட்டில் வெள்ளையாகத் திரிந்து, கட்டி கட்டியாக அடியில் இறங்கியது.

சோதனைக் குழாயைக் கழுவி வைத்தேன். கழுவியது எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 21

இதை எப்படி எழுதுவது.

செடிகள் வாடுகின்றன என்று அக்கா இப்போது அதிகமாகத் தண்ணீர் ஊற்றுகிறாள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. அந்தக் கிணற்றிலிருந்து. அவள் ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும் நான் ஊற்றுவது. மாடியில் துணி காயப்போடும்போது தெரிகிறது: அக்கா குனிந்து ஒவ்வொரு பையாக, அவசரமில்லாமல், வேரில் பார்த்து ஊற்றுகிறாள். பக்கத்தில் நின்று ஏதோ பேசுகிறாள் செடியிடம்.

மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வாளியை நிறுத்தியிருக்க வேண்டும்.

மார்ச் 22

ஆய்வகத்து சீனியரிடம் சொன்னேன், வேறு யாருக்கோ நடந்தது போல. அவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: "உங்க தெருவா?"

"ஆமா."

"யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீயா போய் மாட்டிக்காத. மழையில கரைஞ்சு போயிடும். அடுத்த வருஷம் பாத்தா தடமே இருக்காது."

அடுத்த வருஷம். அக்காவுக்கு இந்த மாதக் கடைசிதான் எல்லாம். புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குத் தோட்டம் போடும் ஒப்பந்தக்காரர் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய வேலை அவளுக்கு இதுவரை வந்ததில்லை. அம்மாதான் சொன்னாள். அக்கா அதற்காக வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறாளாம்.

சொன்னால் என்ன ஆகும்? தெளிப்பது நிற்கும். லாரி நிற்காது. அம்மாவின் மூச்சு மறுபடி கேட்க ஆரம்பிக்கும்.

சொல்லாவிட்டால் — அம்மாவின் நுரையீரலுக்கு அக்காவின் செடி. தராசில் வைத்துப் பார்க்கிறேன். தராசு என் கையில் எப்படி வந்தது?

மார்ச் 24

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே: "ரெண்டு நாளா மாடிக்குத் துணி போட நான்தான் போறேன். என்ன விஷயம்?"

"வெயில்."

"உனக்கு எல்லாத்துக்கும் வெயில்தான்."

அக்காவிடம் நான் சொன்னது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. சும்மா சொன்னாள். எனக்கு வியர்த்துவிட்டது.

மார்ச் 25

சத்தம் கேட்டுத் தெருவே வளைவில் கூடியிருந்தது. அக்காவின் தம்பி மாட்டு எரு ஏற்றிவருகிறவன். சின்ன வண்டி வைத்திருக்கிறான். அக்கா வேலிக் கதவைப் பிடித்துக்கொண்டு அவனை உள்ளே விடாமல் நின்றாள்.

"எருவுல என்னடா கலந்த? கூடப் பொறந்தவளுக்கே கலப்படமா?"

"என்னக்கா பேசுற. எப்பவும் எடுக்கிற இடம்தான்."

"எப்பவும் எடுத்தா எப்படிடா இந்தத் தடவ மட்டும் எரியும்? உன் எருவப் போட்ட பொறகுதான எரியுது?"

"மழைக்கு முன்னாடியே போட்டதுக்கா அது."

"போடா. இனிமே என் வாசப்படி மிதிக்காத."

அவன் வண்டியைத் திருப்பினான். எரு மூட்டைகள் இறக்கப்படாமல் அப்படியே. கூட்டத்தில் நானும் இருந்தேன். கடைக்காரர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "காசுன்னு வந்துட்டா தம்பியாவது அண்ணனாவது."

நான் தலையாட்டினேன்.

தலையாட்டினேன். என்ன பொண்ணு நீ. என்ன ஜென்மம்.

மார்ச் 26

சொல்லிவிட்டேன்.

வேலைக்குக் கிளம்பி, பாதி தூரம் போய்த் திரும்பினேன். அக்கா வாளியோடு கிணற்றடியில். "ஊத்தாதீங்கக்கா" என்றேன். முதலில் அதுதான் வந்தது. பிறகு மீதி. தெரு, மிச்சம், வளைவு, மழை, கிணறு. வெள்ளி நைட்ரேட் வரைக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாதியில் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப என் தம்பி?"

"அவர் மேல தப்பே இல்லக்கா."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

நேற்று என்று சொல்லலாம். இன்று காலை என்று கூடச் சொல்லலாம். யாரும் மறுக்க முடியாது.

"நீங்க இலை கொண்டு வந்தீங்களே. அன்னைக்கே."

"அன்னைலேர்ந்து ரெண்டு வேளையும் ஊத்தறேன்."

"தெரியும்."

"பாத்துட்டா இருந்த?"

எங்கள் மாடியைப் பார்த்தேன். அக்கா அழவில்லை, கத்தவில்லை. நேற்றுத் தம்பியிடம் கத்தியது போல என்னிடமும் கத்துவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன்.

"நீங்க போங்க" என்றாள்.

மார்ச் 26, மாலை

நீங்க.

மார்ச் 27

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரு முழுவதற்கும்.

நான் சொன்னேன்: "உனக்காகத்தான்ம்மா பேசாம இருந்தேன். மறுபடி மூச்சு..."

அம்மா கத்தரிக்கோலை வைத்தாள். "என் மூச்ச இதுல இழுக்காத. எனக்கு இழுக்கறதே போதும்."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிறகு சிரிப்பு அடங்கி, "அவளுக்கு முதல் ரவிக்கை தச்சுக் குடுத்த நாள்லேர்ந்து பழக்கம். நான் எப்படி அந்தப் பக்கம் போவேன்?" என்றாள்.

மார்ச் 29

மேலாளர் கதவைச் சாத்தச் சொன்னார். தெளிப்பு நிறுத்தம். "கம்பெனி பேர எங்கயும் இழுக்காத. நல்லெண்ணத்துல செஞ்சது." நல்ல தண்ணீர் ஒரு டேங்கர் கேட்டேன். செடிக்குத் தண்ணீர் கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டது ஆகும் என்றார்.

வெளியே டேங்கர் ஓட்டுநர் நின்றிருந்தார். விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது.

"எங்க விடட்டும்னு கேட்டேன்ல நான். கேக்காமயே கம்பெனி குழில விட்டிருந்தா முடிஞ்சுது."

"நீங்க கேட்டதுதான் சரிண்ணே."

"என்ன சரி. மச்சான் ஒருத்தன் தண்ணி லாரி ஓட்டறான். சொல்லிப் பாக்கறேன்."

மார்ச் 31

ஒப்பந்தக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். வேறு இடத்தில் எடுத்துக்கொள்கிறாராம். கடைக்காரர்தான் சொன்னார். மிச்சச் சில்லறையை மேசைமேல் வைத்தார். கையில் தரவில்லை.

ஏப்ரல் 2

ஓட்டுநர் சொன்ன தண்ணீர் லாரி வந்தது; அக்கா வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். முதல் வாளியை எடுத்து நானே சோதித்தேன், எல்லோர் முன்னாலும், ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த சொட்டுப் புட்டியால். லேசான பால். குழாய் நீர் அளவுதான்.

உப்பை வெளியேற்ற ஒரே வழி, பையின் அடித்துளையில் வழிந்து ஓடும் வரை ஊற்றுவது, மறுபடி ஊற்றுவது. வேறு மருந்து கிடையாது. நானும் அக்காவின் தம்பியும் ஊற்றினோம். அவன் திரும்பி வந்துவிட்டான். அக்கா அவனிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் சாப்பிடத் தட்டு வைத்தாள். அவ்வளவுதான்.

என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "டேய், அவங்கள ரெண்டாவது வரிசையில ஊத்தச் சொல்லு." நான் மூன்றடி தூரத்தில் நிற்கிறேன். தம்பி என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்துவிட்டு, அதையே திருப்பிச் சொல்கிறான்.

ஏப்ரல் 6

கை முழுவதும் கொப்புளம். அது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது. அந்த நிம்மதியும் பிடிக்கவில்லை. செடிக்கு ஊற்றுகிறேனா, என்மேல் ஊற்றிக்கொள்கிறேனா.

ஏப்ரல் 11

எலுமிச்சை போய்விட்டது. அக்கா பைகளைக் கவிழ்த்து, மண்ணை உதறி, குச்சிகளை ஓரமாக அடுக்கினாள். ரோஜாவில் பாதிக்குக் கீழேதான் தேறும். அவற்றில் சிலவற்றின் கணுவில் சிவப்பாக முளை விட்டிருக்கிறது.

தெரு காய்ந்துவிட்டது. லாரிகள். மறுபடி ஈரத்துணி. அம்மாவின் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன், மெஷினையும். அங்கே வெளிச்சம் போதவில்லை. விளக்கை இறக்கிக் கட்டிக் கொடுத்தேன். மூச்சு கேட்கிறது. இரண்டு அறை தாண்டியும் கேட்கிறது.

ஏப்ரல் 15

லாரிகள் வேறு வழியில் போக வேண்டும் என்று தெருக்காரர்கள் கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வந்தார்கள். வெறும் கையெழுத்து மட்டும் கேட்டார்கள். மனுவை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. கையெழுத்தை மட்டும் போட்டேன்.

அம்மா நேற்று அக்கா வீட்டுக்குப் போய் வந்தாளாம். என்ன பேசினீர்கள் என்றேன். "பேசினோம்" என்றாள்.

ஏப்ரல் 19

காலையில் தோட்டத்துக்குப் போனபோது தம்பி இல்லை. வண்டியோடு எங்கோ போயிருந்தான். அக்கா மட்டும். சொல்வதற்கு ஆள் இல்லாததால் அவள் நேராகத்தான் பேச வேண்டியிருந்தது.

"கிணத்துத் தண்ணி இன்னைக்குப் பாத்துச் சொல்றீங்களா?"

நேற்று முழுவதும் அவளும் தம்பியும் கிணற்றை இறைத்துவிட்டிருக்கிறார்கள். கயிறு உரசிய தடம் அவள் உள்ளங்கையில் சிவந்து இருந்தது. புதிதாக ஊறிய தண்ணீர். மேலே மேகம் தெரிந்தது அதில்.

குப்பியில் எடுத்து ஒரு சொட்டு விட்டேன். திரியவில்லை, கட்டியாக இறங்கவில்லை. ஆனாலும் குழாய் நீரைவிட நன்றாகவே வெள்ளை. இதை ஊற்றினாலும் உடனே ஒன்றும் ஆகாது. முளை விட்டிருக்கிற ரோஜாக்கள் தாங்கலாம். தாங்காமலும் போகலாம். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, குப்பியைப் பார்த்தாள். இந்தத் தண்ணீர் ஆகும் என்று சொன்னால் இன்று முழுவதும் தெருக்குழாயிலிருந்து குடம் தூக்க வேண்டியதில்லை அவளுக்கு. எனக்கும்.

"இன்னும் இருக்குக்கா."

"எவ்வளவு?"

"குறைஞ்சிருக்கு. ஆனா முளைக்கு ஆகாது. இன்னும் ரெண்டு மூணு தடவ இறைக்கணும். மழையும் வேணும்."

"மழை வந்தா தெருவுல இருக்கிறது மறுபடி இறங்காதா?"

"இறங்கும். கொஞ்சம். அதுக்கு வளைவுல மண்ண வெட்டி எடுக்கணும். நான் எடுக்கறேன்."

அக்கா வேலிக்கு வெளியே வளைவைப் பார்த்தாள். ஒரு லாரி திரும்பிப் போனது. புழுதி எங்கள் இருவர் மேலும் வந்து படிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஓரமாக இருந்த குடத்தை எடுத்தேன்.

"அந்தக் குடம் ஓட்டை. இத எடுத்துக்கோங்க" என்று இன்னொன்றை நகர்த்தி வைத்தாள்.

எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய் வரிசையில் நின்றேன்.